பண்ணை வேலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: கையில் ஒரு நோட்டு இருக்கட்டும்

பழம் பறிக்க, காய் பறிக்க, ஆடு மாடு பார்க்க என்று வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் கேட்கும் முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதுதான். தப்பில்லை, அதற்காகத்தானே போகிறோம். ஆனால் சம்பளம் என்று சொல்லப்படும் தொகைக்கும் பருவம் முடிந்து கையில் நிற்கும் தொகைக்கும் நடுவில் ஏஜென்ட் இருக்கிறார், வாடகை இருக்கிறது, வண்டிக் கூலி இருக்கிறது, மழை பெய்து வேலை நின்ற நாட்கள் இருக்கின்றன, யாரோ எண்ண மறந்த பெட்டிகளும் இருக்கின்றன. நான் நாலு பருவம் ஸ்ட்ராபெரியும் ஆப்பிளும் பறித்தவன். முதல் பருவத்தில் என்னை யாரும் ஒரே அடியாக ஏமாற்றவில்லை, தினமும் அரைமணி ஒருமணி என்று கசிந்து போனதுதான். அதனால் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் எண்ணுவதைப் பற்றி. எதை எண்ண வேண்டும், எப்போது எண்ண வேண்டும், எங்கே எழுதிவைக்க வேண்டும்.

கிளம்பும் முன்

முதலில் கடன் கணக்கு. வேலை வாங்கித் தருவதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது, அது முதலாளியின் செலவு என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2016இல் வகுத்த ஆள்சேர்ப்புக் கோட்பாடுகளில் ஒன்று. அமெரிக்காவின் எச்-2ஏ பண்ணை விசாவிலும் அந்தக் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டத் தடை இருக்கிறது. ஆனாலும் கேட்பார்கள். ப்ராசஸிங், டிரெயினிங், ஃபைல் சார்ஜ் என்று பெயரை மாற்றிக் கேட்பார்கள், ரசீது மட்டும் தரமாட்டார்கள். கேட்டவுடன் விலகிவிடுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், விலக முடியாத நெருக்கடியில்தான் பலர் கிளம்புகிறார்கள் என்பதும் தெரியும், எனவே ஒரு கணக்கு மட்டும் போட்டுவிட்டுப் போங்கள். வட்டியோடு மொத்தக் கடன் எவ்வளவு என்று எழுதுங்கள், பிடித்தமெல்லாம் போக மாதம் கையில் நிற்கும் தொகையால் அதை வகுங்கள். வருகிற மாதக் கணக்கை விசாக் காலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டனின் பருவகாலத் தொழிலாளர் விசா அதிகபட்சம் 6 மாதம். நியூசிலாந்தில் ஆர்.எஸ்.இ. என்ற பருவகாலப் பண்ணையாட்கள் திட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு 7 மாதம். 1966இல் தொடங்கிய கனடாவின் பருவகாலப் பண்ணைத் தொழிலாளர் திட்டத்தில் 8 மாதம். ஆறு மாத விசாவில் நாலு மாதம் கடனுக்கே போகும் என்றால், நடுவில் இரண்டு வாரம் மழை பிடித்தால் போதும், உங்களுக்கென்று மிஞ்சுவது ஒன்றரை மாதக் கூலிதான். என்னுடைய வரம்பு மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதைத் தாண்டினால் நான் போகமாட்டேன்.

கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது புதுசும் இல்லை. கங்காணிகள் காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது, அதில் எழுதிய கடனை எந்தத் தோட்டம் கட்டுகிறதோ அந்தத் தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறுவார்கள். 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒழிந்தது சீட்டுதான்.

அப்புறம் ஒப்பந்தம். உங்களால் படிக்க முடிகிற மொழியில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு முக்கியமாகத் தெரிந்தாக வேண்டியவை இவை: முதலாளி யார், பண்ணையா அல்லது ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டரா? கூலி மணிக் கணக்கா, பெட்டிக் கணக்கா? வேலை இல்லாத வாரத்தில் என்ன கிடைக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம், ஏனென்றால் பண்ணையில் வேலை வானத்தைப் பார்த்து நடக்கிறது. எச்-2ஏ விதிப்படி, ஒப்பந்தத்தில் சொன்ன மொத்த வேலை மணியில் நாலில் மூன்று பங்குக்காவது வேலை தர வேண்டும், தராவிட்டாலும் அந்தக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் 2023 முதல் வாரத்துக்குக் குறைந்தது 32 மணிக்கான கூலி உண்டு. நீங்கள் போகிற இடத்தில் இப்படி ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அவர்கள் சொல்லும் மாதச் சம்பளம் நல்ல வானிலைக்கான சம்பளம்.

இன்னொன்று, வேலை சரியில்லை என்றால் முதலாளியை மாற்ற முடியுமா? விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தால் உங்கள் பேரம் அத்தோடு முடிந்தது. கனடாவில் கொடுமைக்கு ஆளாகும் தொழிலாளிக்கு வேறு யாரிடம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்ற தனி அனுமதியை 2019இல் கொண்டுவந்தார்கள். சவூதியில் 2021இல் முதலாளி மாறும் விதிகளைத் தளர்த்தியபோது பண்ணையாட்களையும் மேய்ப்பர்களையும் அதில் சேர்க்கவில்லை. ஒரே நாட்டில் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு இருக்கும் உரிமை பண்ணைக்குப் போகிறவருக்கு இல்லாமல் இருக்கலாம். ஆகவே அங்கே கட்டட வேலை பார்த்த சொந்தக்காரர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள், பண்ணையிலேயே இருந்தவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். போனதும் "பத்திரமாக வைக்கிறோம்" என்று பாஸ்போர்ட்டைக் கேட்டால், பதிவு செய்ய நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அசல் என்னிடம் இருக்கட்டும், பூட்டு வைத்த அலமாரி மட்டும் கொடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஆவணங்களைப் பிடித்து வைப்பது கட்டாய உழைப்பின் அடையாளங்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்ட 11இல் ஒன்று.

தங்கும் இடம், முதல் நாள் மாலை

பையை இறக்கியதும் படுக்காதீர்கள், ஒரு சுற்று சுற்றி வந்து எண்ணுங்கள். எத்தனை கட்டில், எத்தனை கக்கூஸ், எத்தனை ஷவர், எத்தனை அடுப்பு. அளந்து பார்க்க ஒரு குச்சி வேண்டும் என்றால் அமெரிக்கத் தொழிலாளர் முகாம் விதியை வைத்துக்கொள்ளலாம்: படுக்கும் அறையில் ஆளுக்கு 50 சதுர அடி, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் 3 அடி, 15 பேருக்கு ஒரு கக்கூஸ், 10 பேருக்கு ஒரு ஷவர். அது ஒன்றும் சொகுசு இல்லை, அதற்கும் கீழே இருந்தால் காலையில் வரிசையில் நின்றே உங்கள் தூக்கம் போய்விடும். வெளியே போக இரண்டாவது வழி இருக்கிறதா, புகை வந்தால் கத்தும் அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர் நாடு என்றால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ குளிர் காய அறைக்குள் யாரும் கொண்டுவரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கியவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

வாடகை எவ்வளவு பிடிக்கிறார்கள், எதெதற்குப் பிடிக்கிறார்கள் என்பதையும் அன்றே கேட்டு எழுதுங்கள். எச்-2ஏவில் தினமும் வீடு திரும்ப முடியாதவருக்குத் தங்குமிடம் இலவசம். பல நாடுகளில் அப்படி இல்லை, ஓட்டை கேரவனுக்கும் வாடகை உண்டு. இத்தாலியில் 2016இல் வந்த 199ஆம் எண் சட்டம் ஆள்பிடிக்கும் தரகர்களையும் அவர்களிடம் ஆள் வாங்கும் பண்ணைக்காரர்களையும் சேர்த்தே தண்டிக்கிறது, அதில் மனிதர் தங்க முடியாத இருப்பிடமும் சுரண்டலுக்கான அடையாளமாக எழுதப்பட்டிருக்கிறது. எனவே தங்குமிடத்தின் போட்டோ வெறும் நினைவுப் படம் இல்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதச் சொல்வது நீங்கள் இருக்கும் இடத்தின் முகவரி. விளையாட்டாகத் தோன்றும். ஆனால் பண்ணை முகாம்களுக்குத் தெருப் பெயர் இருக்காது, கதவு எண் இருக்காது, ராத்திரி ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் "எங்கே வர வேண்டும்" என்ற கேள்விக்கு யாருக்கும் பதில் தெரியாது. போனில் மேப்பைத் திறந்து இடக்குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். அவசர எண்ணையும், உங்கள் மொழி பேசுகிற யாராவது ஒருவரின் எண்ணையும் அதற்குக் கீழேயே.

முதல் வாரம்: வெயில்

இந்த வாரத்தை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். திறந்தவெளி வேலையில் வெயிலால் சாகிறவர்களில் 50 முதல் 70 சதவீதம் பேர் முதல் சில நாட்களிலேயே சாகிறார்கள் என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை. உடம்பு பழகவில்லை என்பதே காரணம், பலவீனம் இல்லை. நம் உடம்பு வெயில் பார்த்த உடம்பு என்ற வீராப்பு இங்கே உதவாது, ஏனென்றால் விமானத்திலும் அதற்கு முந்தைய காத்திருப்பிலும் வாரக்கணக்கில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்போம். புதியவருக்கு அந்தத் துறை சொல்லும் அளவு, முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்டுவது. எந்த மேஸ்திரியும் இதை முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டார், அது எனக்கும் தெரியும். ஆனால் முதல் மூன்று நாள் பழைய ஆட்களோடு போட்டி போடாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. வேகம் இரண்டாவது வாரத்தில் தானாக வரும்.

தாகம் எடுத்த பிறகு தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர். ஒரேயடியாக மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலும் போகக் கூடாது, அது உடம்பில் இருக்கும் உப்பின் அளவைக் கெடுக்கும். பெட்டிக் கணக்குக் கூலி என்றால் குடிக்கப் போகும் ஐந்து நிமிடமும் காசுதான், அதனால் குடிக்காமல் இருப்பார்கள். பெண்கள் கக்கூஸ் தூரம் என்பதற்காகவே குடிக்கமாட்டார்கள். மத்திய அமெரிக்காவில், நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும், கரும்பு வெட்டும் இளைஞர்கள் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் கெட்டுச் சாவதைப் பார்த்து ஆராய்ந்தபோது, வெயிலில் கடும் உழைப்பும் திரும்பத் திரும்ப உடம்பு வற்றுவதும்தான் முக்கியச் சந்தேகமாக முன்னுக்கு வந்தன. தீர்வாக அங்கே முயன்றது மூன்றே பொருள்: தண்ணீர், ஓய்வு, நிழல். 20 பேருக்கு ஒரு கக்கூஸ், கை கழுவும் இடம், அதுவும் 400 மீட்டர் நடைக்குள் என்பது அமெரிக்க வயல் விதி. உங்கள் வயலில் எவ்வளவு தூரம் என்று அடி வைத்து எண்ணி அதையும் எழுதுங்கள்.

பக்கத்து வரிசையில் இருப்பவர் திடீரென்று உளறினால், தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் அது களைப்பு இல்லை. நிழலுக்கு இழுத்து, துணியைத் தளர்த்தி, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் மேலே ஊற்றி விசிற வேண்டும், ஆம்புலன்ஸ் வரும் வரை. மேஸ்திரியிடம் அனுமதி கேட்கப் போய் நேரத்தைக் கொட்டாதீர்கள். பாலித்தீன் கூடாரத்துக்குள் வேலை என்றால் வெளியே இதமாக இருக்கும் நாளிலும் உள்ளே அடுப்புதான்.

முதுகைப் பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் ஒரு காலத்தில் குட்டைக் கைப்பிடி மண்வெட்டியைத்தான் கொடுப்பார்கள், அதைப் பிடித்தால் நாள் முழுக்கக் குனிந்தேதான் நிற்க வேண்டும், யார் நிமிர்ந்தாலும் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். 1975இல் அதைத் தடை செய்தார்கள். உங்களுக்குக் கொடுக்கும் கருவி எதற்காக அந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மருந்து

தெளித்த வயலுக்குள் எத்தனை மணி நேரம் கழித்து இறங்கலாம் என்று மருந்து டப்பாவின் லேபிளில் இருக்கும். சிலதுக்கு 4 மணி, சிலதுக்கு 12, 24, 48 மணி, அதற்கு மேலும் உண்டு. புதியவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த வரிசையில் கடைசியாக எப்போது தெளித்தார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் இலையை மோந்து பாருங்கள், வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் வாசனை இல்லை என்பதால் விஷம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கண்ணில் நீர், வாயில் எச்சில், வியர்வை, வாந்தி, பார்வை மங்கல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது சாதாரண வயிற்றுக் கோளாறு இல்லை. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, டாக்டரிடம் போகும்போது லேபிளின் போட்டோவை எடுத்துப் போங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், மற்றவர் துணியோடு போடக் கூடாது. காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்கவே கூடாது, எத்தனை முறை கழுவினாலும்.

புகையிலைத் தோட்டம் என்றால் தெளிக்காத இலையே போதும். பனியிலும் மழையிலும் நனைந்த இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாக ஏறும், தலைசுற்றல், குமட்டல், வாந்தி வரும். கையுறையும் நனையாத மேல்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும், ஈரமான துணியை உடனே மாற்ற வேண்டும்.

நோட்டு

சரி, இப்போது அந்த நோட்டுக்கு வருவோம். என் முதல் பருவத்தின் இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை மாலை. ஆறு பேர் படுக்கும் கேரவன். சம்பளச் சீட்டு வந்திருந்தது, 41 மணி என்று போட்டிருந்தது, எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை, மடித்துப் பையில் வைத்தேன். கீழ்க் கட்டில்காரர் எனக்கு முன் மூன்று பருவம் பார்த்தவர். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகல நோட்டு ஒன்றை எடுத்தார், ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தது, பக்கமெல்லாம் பழச்சாற்றுக் கறை. அதில் 46 என்று இருந்தது. அந்த 5 மணி எங்கே போனது என்று விரலை ஓட்டிக் காட்டினார்: ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள், இலை ஈரம் காயட்டும் என்று ஏழு மணி வரை வரிசை முனையில் உட்கார வைத்தார்கள். ஐந்து நாள், ஐந்து மணி. திங்கட்கிழமை ஆபீஸில் போய் நோட்டைக் காட்டினார், சத்தம் போடவில்லை, அடுத்த சீட்டில் அவருக்கு 5 மணி சேர்ந்து வந்தது. எனக்கு வரவில்லை. நானும் அதே வரிசை முனையில்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை.

ஆகவே தினமும் ஐந்து விஷயம் எழுதுங்கள். வண்டி ஏறிய நேரம், வயலில் நின்ற நேரம், பறிக்கத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பெட்டி. அன்றன்றே எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக எழுதியதை யாரும் நம்பமாட்டார்கள், உங்களுக்கே நம்பிக்கை வராது. இரவு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், நோட்டு தொலைந்தாலும் தேதியோடு அது இருக்கும்.

பெட்டிக் கணக்கு என்றால் பெட்டியையும் கவனியுங்கள். ஃப்ளோரிடாவின் இமோகலீயில் தக்காளி பறிக்கும் பக்கெட் 32 பவுண்டு, கிட்டத்தட்ட பதினாலரை கிலோ. முன்பெல்லாம் விளிம்புக்கு மேல் குவித்தால்தான் கூலிக்கான டோக்கன் கொடுப்பார்கள், அந்தக் குவியலுக்குக் கூலி கிடையாது. ஒரு பக்கெட்டுக்கு நாலு தக்காளி கூடுதல் என்றால் நூறு பக்கெட்டுக்கு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். 1993இல் அங்கே திரண்ட தொழிலாளர்கள் பின்னால் கொண்டுவந்த ஃபேர் ஃபுட் திட்டத்தில், விளிம்பு மட்டம் வரை நிரப்பினால் போதும் என்பது எழுத்து விதியானது. ஆஸ்திரேலியாவில் 2022 ஏப்ரல் முதல் பெட்டிக் கணக்கில் பறிப்பவருக்கும் மணிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி உண்டு. உங்கள் நாட்டில் அப்படி இருந்தால், பெட்டிக் காசை உழைத்த மணியால் வகுத்து வாரா வாரம் பாருங்கள், குறைந்தால் மீதியைக் கேட்கலாம்.

சீட்டில் பிடித்தங்களை வரி வரியாகப் படியுங்கள். புரியாத ஒரு பெயர் இருந்தால் அதுதான் முதலில் கேட்க வேண்டியது.

தகராறு, காயம்

தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேர் நோட்டும் ஒரே கணக்கைச் சொன்னால் அதைத் தள்ளிவிடுவது கஷ்டம். 2016 ஏப்ரலில் ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதியில் இந்தியப் பண்ணையாட்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள், மொழி தெரியாதவர்கள், சங்கம் பழகாதவர்கள். அதே பகுதியில்தான் 2024 ஜூனில் இயந்திரத்தில் கை துண்டான ஓர் இந்தியத் தொழிலாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள், அவர் இறந்துபோனார். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. காயம் பட்டால் அதை வேலை விபத்து என்று எழுதச் சொல்லுங்கள், "வீட்டில் விழுந்தேன் என்று சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற பேரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த மாதம் வலி கூடும்போது அந்த ஆள் பார்த்துக்கொள்ளமாட்டார். ஆம்புலன்ஸை நீங்களே கூப்பிடலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று: மேஸ்திரி தன் வண்டியில் தனியாக ஏறச் சொன்னாலோ, வேலை நாளைக் கூட்டித் தருகிறேன் என்று அறைக்குக் கூப்பிட்டாலோ, என்ன சொன்னார் என்பதைத் தேதி நேரத்தோடு அதே நோட்டில் எழுதி அன்றே இன்னொரு பெண்ணிடம் சொல்லிவைக்க வேண்டும்.

வேலையை விடுவது என்று முடிவெடுத்தாலும் கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஓடாதீர்கள், விசா என்ன ஆகும் என்று தொழிலாளர் சங்கத்திடமோ தூதரகத்திடமோ கேட்டுவிட்டு விடுங்கள்.

கடைசி வாரத்தில் பாக்கிக் கணக்கு, விடுப்புக் காசு, வரி திரும்பக் கிடைக்குமா என்பது, எல்லாச் சம்பளச் சீட்டின் நகல், இவற்றைக் கையில் வாங்கிய பிறகுதான் பை கட்ட வேண்டும். அங்கே திறந்த வங்கிக் கணக்கை மட்டும் கிளம்பும் அன்று மூடிவிடாதீர்கள், கடைசி வாரச் சம்பளம் பெரும்பாலும் நீங்கள் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் ஏறும்.